எந்த பெட்ரோல் போடுவது? மதுரை வண்டிக்காரர்களுக்கு ஆக்டேன், எத்தனால் வழிகாட்டி

திருநகரில் இருக்கும் என் சித்தப்பா மூன்று மாதமாகத் தன் பழைய 100 சிசி வண்டிக்கு விலை கூடிய பிரீமியம் பெட்ரோலையே போட்டுக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டால், "சாதா பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாய்ங்கப்பா, வண்டி திணறுது. அதான் நல்லதாப் போடுறேன்" என்பார். அவர் போட்ட பிரீமியத்திலும் அதே எத்தனால்தான் இருந்தது. திணறலுக்குக் காரணமோ பெட்ரோலே இல்லை. டேங்க் மூடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு குண்டூசித் துளை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆக்டேன் ஒரு கேள்வி, பெட்ரோலில் கலக்கும் ஆல்கஹாலான எத்தனால் வேறொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் நம் ஆட்கள் பங்க்கில் காசை விடுகிறார்கள். எத்தனாலால் வரும் தொல்லைக்கு ஆக்டேன் மருந்து கிடையாது. இந்த வழிகாட்டியை அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்: முதலில் உங்கள் வண்டி எந்த ரகம், அப்புறம் ஆக்டேன், அப்புறம் எத்தனால், தண்ணீர், ரப்பர், கடைசியில் நிறுத்தி வைக்கும் வண்டி.

படி 1: ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள்

வண்டி வாங்கிய தேதி வேண்டாம், தயாரான மாதமும் ஆண்டும்தான் வேண்டும். ஆர்.சி.யில் இருக்கும்.

இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலப்பது 2003 ஜனவரியில் சில மாநிலங்களில் 5 சதவீதத்தோடு தொடங்கியது. பல ஆண்டு நொண்டியடித்து, 2022 ஜூனில் 10 சதவீதத்தைத் தொட்டது. 20 சதவீதக் கலவையான இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் முதலில் சில பங்க்குகளில் வந்தது. 2030-க்கு என்று வைத்திருந்த 20 சதவீத இலக்கை முன்னுக்கு இழுத்து, 2025-லேயே எட்டிவிட்டார்கள். பழைய பெட்ரோல் வேண்டும் என்று மாட்டுத்தாவணி முதல் திருமங்கலம் வரை அலைந்தாலும் சாதா குழாயில் வருவது இதுதான்.

வண்டிகளுக்கு அரசு போட்ட அட்டவணை இது: 2023 ஏப்ரல் முதல் தயாராகும் வண்டிகளின் ரப்பர், பிளாஸ்டிக், உலோக பாகங்கள் இ20-ஐத் தாங்க வேண்டும், 2025 ஏப்ரல் முதல் இன்ஜின் டியூனிங்கே இ20-க்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஆகவே 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டி என்றால் கவலையில் பாதி குறைந்தது. உங்களுக்கு ஆறாம் படி மட்டும் வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி செய்த) வண்டி என்றால் பெரும்பாலும் ஃபியூல் இன்ஜெக்‌ஷன் இருக்கும், ஓரளவு தானே சமாளித்துக்கொள்ளும். அதற்கு முந்தைய கார்புரேட்டர் வண்டி, ஆர்எக்ஸ்100, பழைய புல்லட், அப்பா காலத்து டூ ஸ்ட்ரோக் மொபெட் வைத்திருப்பவர்கள் எல்லாப் படியையும் படியுங்கள்.

படி 2: ஆக்டேனை வண்டிப் புத்தகத்தில் தேடுங்கள்

ஆக்டேன் எண் பெட்ரோலின் பொறுமையைச் சொல்வது. சிலிண்டருக்குள் நெருக்கிப் பிடிக்கும்போது சூடேறும். அந்தச் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கி, பிளக் பொறி வரும்வரை தானாகப் பற்றாமல் எவ்வளவு காத்திருக்கும் என்பதே அந்த எண். 100 ஆக்டேன் பெட்ரோலில் 91 ஆக்டேனைவிட அதிகச் சக்தி ஒளிந்திருக்கிறது என்பது வெறும் நம்பிக்கை.

பொறுமை போதாத பெட்ரோல், பொறிக்குக் காத்திராமல் ஓரத்தில் தானாக வெடிக்கும். அதுதான் நாக்கிங். தகர டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்கினாற்போல் சத்தம் வரும். எங்கே கேட்கும்? சிறுமலை ஏற்றத்தில் பின்னால் ஆளை வைத்துக்கொண்டு, டாப் கியரிலேயே ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பாருங்கள். அந்தச் சத்தத்துக்கு முதல் வைத்தியம் கியரைக் குறைப்பது. இலவசம். இன்னொன்று: உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், அதனால் இன்ஜினுக்கு வேண்டிய ஆக்டேனும் குறையத்தான் செய்யும். கொடைக்கானல் போகிறோம் என்று வத்தலக்குண்டில் பிரீமியம் நிரப்புவது வீண் செலவு.

எந்த இன்ஜினுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை கம்ப்ரஷன் விகிதம், அதாவது சிலிண்டருக்குள் எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பது, தீர்மானிக்கிறது. 100, 110, 125 சிசி வண்டிகள் ஏறக்குறைய 10-க்கு 1 சுற்றிலோ அதற்குக் கீழோ இருக்கும். சாதா பெட்ரோலுக்காகவே செய்தவை அவை. பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் இன்னும் ரொம்பக் கீழே. அதற்கு 100 ஆக்டேன் போடுவது ஏர் உழுகிற மாட்டுக்கு ரேஸ் குதிரைத் தீனி வைப்பது மாதிரி. ஆர்15-இன் மூன்றாம் வெர்ஷன் 11.6-க்கு 1, டியூக் 390 அதற்கும் மேலே. இந்த ரகமும் டர்போ கார்களும் வைத்திருப்பவர்கள்தான் புத்தகத்தைத் திறந்து, 91 போதுமா 95 வேண்டுமா என்று பார்க்க வேண்டும். டேங்க் மூடியின் உட்புறத்திலும் பல கார்களில் ஒட்டியிருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எத்தனாலின் ஆக்டேன் 108 பக்கம் வரும். அதைக் கலந்தால் பெட்ரோலின் ஆக்டேன் ஏறும், இறங்காது. பிஎஸ்6 சாதா பெட்ரோலுக்குக் குறைந்தபட்சம் 91 என்று இருந்தது, இ20-க்கு 95. ஆக, எத்தனாலுக்குப் பயந்து 95 போட்ட பிரீமியத்தைத் தேடி ஓடுகிறவர், சாதா குழாயிலேயே கிடைக்கும் எண்ணுக்குக் கூடக் காசு கொடுக்கிறார். பிரீமியத்தில் சேர்க்கும் சுத்தம் செய்யும் மருந்துகளுக்கு ஒரு பயன் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் எத்தனால் இல்லாத பெட்ரோல் என்பது அதற்குப் பொருள் அல்ல. எத்தனால் கலக்காதது என்று வண்டிப் பிரியர்கள் தேடிப் போவது 100 ஆக்டேன் ரகத்தை. அது எல்லா பங்க்கிலும் கிடைக்காது, விலையும் ஒன்றரை மடங்கு. ஆபீசுக்குப் போய்வரும் வண்டிக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. ஆசையாக வைத்து மாதம் இரண்டு முறை வெளியே எடுக்கும் ஆர்எக்ஸ்100-க்கு ஒத்துவரும், ஆக்டேனுக்காக அல்ல, எத்தனால் இல்லாததற்காக.

படி 3: மைலேஜ் குறைந்ததா? கணக்குப் போட்டுவிட்டுத் திட்டுங்கள்

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல், ஒரு லிட்டர் எத்தனாலில் சுமார் 21. இருபது சதவீதம் கலந்தால் 30-க்குக் கொஞ்சம் கீழே வரும். அதாவது லிட்டருக்கு ஏழு சதவீதம் போலக் குறைச்சல். ஆக்டேன் கூடுவதால் சில இன்ஜின்கள் அதில் கொஞ்சத்தை மீட்டுக்கொள்ளும். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கை, பழைய வடிவமைப்புக் கார்களுக்கு 6 முதல் 7 சதவீதமும், இரு சக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவீதமும் குறையும் என்று சொன்னது.

50 கி.மீ. கொடுத்த பைக் 48 கொடுக்கிறது என்றால் எத்தனால் கணக்கில் எழுதலாம். 35-க்கு விழுந்துவிட்டது என்றால் எத்தனாலை விட்டுவிட்டு ஏர் ஃபில்டரையும், பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கையும், டயர் காற்றையும் பாருங்கள். கீழவாசல் நெரிசலில் முதல் கியரிலேயே ஊர்வதையும் கணக்கில் சேருங்கள். டேங்க் வழிய நிரப்பி, கி.மீ. குறித்து, மறுபடி வழிய நிரப்பிப் பார்ப்பதுதான் அளவு. மூன்று முறை செய்து சராசரி எடுக்க வேண்டும். மீட்டரில் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம்.

படி 4: பங்க்கில் கேட்டு வாங்க வேண்டியவை

ஃபில்டர் பேப்பர் சோதனை வாடிக்கையாளரின் உரிமை. பெட்ரோல் விடும் துப்பாக்கி முனையைத் துடைத்துவிட்டு அந்தப் பேப்பரில் ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்தில் கறையில்லாமல் காய்ந்தால் சரி. கறை தங்கினால் மண்ணெண்ணெய் மாதிரி ஏதோ கலந்திருக்கிறது. எத்தனாலையும் தண்ணீரையும் இந்தச் சோதனை காட்டாது. அதற்கு அடர்த்தி பார்க்கலாம். பங்க்கில் அன்றைய அடர்த்தியை எழுதி வைத்திருப்பார்கள், பெட்ரோலுக்கு 15 டிகிரியில் கன மீட்டருக்கு 720 முதல் 775 கிலோ வரை விதி. எழுதியதற்கும் அளந்ததற்கும் 3-க்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. அளக்கும் கருவி அவர்களிடமே இருக்க வேண்டும். கேட்டால் முறைப்பார்கள், பரவாயில்லை.

லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருக்கும்போது நிரப்பாதீர்கள். அடியில் இருப்பதெல்லாம் கலங்கியிருக்கும். மழை கொட்டித் தெருவில் தண்ணீர் நின்ற மறுநாளும் இரண்டு நாள் பொறுக்கலாம். 2024 அக்டோபரில் செல்லூர்ப் பக்கம் தண்ணீர் புகுந்த நேரம் நினைவிருக்கும். அந்த வாரம் நான் வழக்கமாகப் போகும் பங்க்கை விட்டு, மேட்டில் இருக்கும் வேறொன்றில் போட்டேன். பில்லை வாங்கி ஒரு வாரமாவது வைத்திருங்கள். புகார் செய்யப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

படி 5: தண்ணீர், உண்மையான வில்லன்

இப்போது சித்தப்பா வண்டிக்கு வருவோம்.

சாதாரண பெட்ரோலும் தண்ணீரும் ஒட்டாது. கொஞ்சம் தண்ணீர் இறங்கினால் டேங்க் அடியில் தனியாகக் கிடக்கும். எத்தனால் இரண்டோடும் உறவாடும். கொஞ்சம் தண்ணீர் வந்தால் தன்னோடு சேர்த்துக்கொண்டு பெட்ரோலிலேயே கரைந்திருக்கும், வண்டியும் ஓடிவிடும். அளவு மீறினால் கதை மாறும். எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டு, தண்ணீரோடு கைகோத்துக்கொண்டு அடியில் போய்ப் படியும். 10 சதவீதக் கலவையில் 15 டிகிரியில் இந்த எல்லை ஏறக்குறைய அரை சதவீதம், அதாவது 10 லிட்டருக்கு 50 மி.லி., ஒரு டீ கிளாசில் பாதி. 20 சதவீதக் கலவை இன்னும் கொஞ்சம் தாங்கும். சூடு இருந்தால் எல்லை கூடும், குளிர்ந்தால் குறையும். அதனால்தான் மத்தியானம் ஓடிய வண்டி மார்கழி விடியலில் கிளம்ப மாட்டேன் என்கிறது.

டேங்கில் பெட்ரோலை உறிஞ்சும் இடம் எங்கே? அடியில். ரிசர்வுக்குத் திருப்பினால் இன்னும் அடியில். முதலில் இன்ஜினுக்குப் போவது அந்த எத்தனால் தண்ணீர்தான். மேலே மிஞ்சியது ஆக்டேன் இறங்கிப்போன பெட்ரோல்.

சித்தப்பா வண்டியை யானைக்கல் பக்கம் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் விட்டோம். அவர் கார்புரேட்டரைத் தொடவேயில்லை. பெட்ரோல் டியூபைக் கழற்றி, ரிசர்வில் வைத்து, ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தார். ஐந்து நிமிடம் அசையாமல் வைக்கச் சொன்னார். மேலே வெளிர் மஞ்சளாகப் பெட்ரோல். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு டீத்தண்ணி நிறத்தில் ஒரு அடுக்கு, நடுவே கோடு கிழித்த மாதிரி பிரிவு. பாட்டிலைச் சாய்த்தால் கோடும் சாய்ந்தது, கலங்கவில்லை. துருவின் நிறம் அது.

"மூடியத் தெறங்க" என்றார் அண்ணன். டேங்க் மூடியைச் சுற்றி ஒரு பள்ளம், அதன் ஓரத்தில் தண்ணீர் வடியச் சின்னத் துளை. அங்கிருந்து ஒரு குழாய் டேங்க் வழியாகக் கீழே தெருவுக்கு இறங்கும். துளை முழுக்க வேப்பம்பூ. சித்தப்பா வீட்டு வாசலில் வேப்பமரம், வண்டி நிற்பது அதன் நிழலில். பங்குனியில் கொட்டிய பூ துளையை அடைத்திருக்கிறது. சித்திரையில் வந்த கோடை மழைத் தண்ணீர் பள்ளத்தில் தேங்கி, விறைத்துப்போன மூடி ரப்பர் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. போதாக்குறைக்கு மாதம் ஒரு முறை வாட்டர் வாஷ். மூன்று மாத பிரீமியம் பெட்ரோல் அந்த அடுக்கின் மேலேதான் மிதந்துகொண்டிருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது: மூடியைத் திறந்து துளையில் மெல்லிய கம்பியை விட்டு, ஒரு மூடி தண்ணீர் ஊற்றிக் கீழே வடிகிறதா பாருங்கள். ஊற்றும்போது டேங்க் வாயைத் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். மூடி ரப்பரை நகத்தால் அழுத்துங்கள். பள்ளம் விழாமல் கல் மாதிரி இருந்தால் மாற்றுங்கள். வாட்டர் வாஷில் மூடிப் பக்கம் பிரஷர் அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தண்ணீர் இறங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தால் ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் முழுக்க வடித்துவிட்டுப் புது பெட்ரோல் போடுங்கள். பிரிந்துபோன பெட்ரோலைக் குலுக்கினாலும், மேலே புதுசு ஊற்றினாலும் பழையபடி ஆகாது.

எத்தனால் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஆசையா? அளவு குறித்த 100 மி.லி. கண்ணாடிக் குழாயில் 20 மி.லி. தண்ணீர், அதன் மேல் 80 மி.லி. பெட்ரோல். மூடிக் குலுக்கி, நடுவில் மூடியை மெல்லத் திறந்து ஆவியை விட்டு, பத்து நிமிடம் வையுங்கள். எத்தனால் முழுக்கத் தண்ணீரோடு இறங்கிவிடும். அடி அடுக்கு 35 மி.லி. சுற்றி நின்றால் 20 சதவீதம். 28-இல் நின்றால் 10. மொட்டை மாடியில் செய்யுங்கள், அடுப்படியில் வேண்டாம், பக்கத்தில் பீடி சிகரெட் ஆகவே ஆகாது. சிலர் இதே முறையில் கேன் கணக்கில் எத்தனாலைக் கழுவி எடுத்துவிட்டு வண்டிக்கு ஊற்றுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். எத்தனாலோடு ஆக்டேனும் இறங்கிவிடும், பெட்ரோலில் ஈரம் வேறு தங்கும், வீட்டில் நெருப்பு அபாயம் தனி.

படி 6: ரப்பரும் ஜெட்டும் (கார்புரேட்டர் வண்டிகளுக்கு மட்டும்)

எத்தனால் பழைய ரப்பரை ஊற வைக்கும், அப்புறம் காய்ந்து வெடிக்க வைக்கும். கடையில் கிடைக்கும் பச்சை நிற பிளாஸ்டிக் டியூப் ஒரு வருடத்தில் மஞ்சளாகி, வளைத்தால் படக்கென்று ஒடியும். ஃபியூல் காக் வாஷர், கிண்ணத்தின் ஓ ரிங், மிதவை ஊசியின் ரப்பர் முனை, பழைய வண்டிகளில் கார்க் வாஷர் எல்லாமே இந்த ரகம். "விட்டான் ரப்பர் இருக்கா" என்று கேட்டு வாங்குங்கள், எத்தனாலைத் தாங்கும். டியூப், வாஷர், ஃபில்டர் மூன்றும் சேர்ந்தாலும் பிரீமியத்துக்கு மாதாமாதம் விடும் காசைவிடப் பெரிதில்லை. பெட்ரோல் கசிந்து சூடான சைலன்சரில் சொட்டும் அபாயத்தோடு ஒப்பிட்டால் யோசிக்கவே வேண்டியதில்லை.

இன்னொன்று: எத்தனால் டேங்கில் பல ஆண்டாய்ப் படிந்த பிசினைக் கரைத்துக் கீழே அனுப்பும். அது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையான ஜெட்டில் போய் அடைக்கும். பழைய வண்டியை ரொம்ப நாள் கழித்து ஓட்டத் தொடங்கினால் முதல் இரண்டு டேங்க் முடிந்ததும் ஃபில்டரை மாற்றுங்கள்.

அப்புறம் ஜெட். பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஆக்சிஜன் சென்சார் இருந்தால் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. பழைய அளவுக்கே பெட்ரோல் விடும். கலவை காற்று மிகுந்து மெலிந்துவிடும். அறிகுறிகள்: காலையில் சோக் போட்டும் இழுக்காது, ஆக்சிலரேட்டரை விட்டதும் சைலன்சரில் பட்பட் என்று வெடிக்கும், இன்ஜின் வழக்கத்தைவிடச் சுடும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காய்ந்த செங்கல் நிறம் என்றால் சரி, சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்திருந்தால் மெலிந்த கலவை. மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று மாற்றிப் பார்க்கலாம். போதாவிட்டால் மெயின் ஜெட்டை ஒரு நம்பர் பெரிதாக்கலாம். இதை மெக்கானிக்கிடம் விடுவது நல்லது.

டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு இது விளையாட்டில்லை. பெட்ரோல்தான் அங்கே ஆயிலையும் சுமந்து போகிறது. கலவை மெலிந்து, மே மாதத்து நாற்பது டிகிரி வெயிலில் நான்கு வழிச்சாலையில் முறுக்கினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆயில் அளவைக் குறைக்காதீர்கள்.

ஆக்டேன் பூஸ்டர், எத்தனால் முறிப்பான் என்று குப்பியில் விற்பவை பற்றிக் கேட்பீர்கள். கலந்த எத்தனாலை எந்தக் குப்பியும் முறிக்காது. நகர்வோம்.

படி 7: நிறுத்தி வைக்கும் வண்டி

பையன் வெளிநாடு போய்விட்டான், வண்டி வீட்டில் நிற்கிறது. மதுரையில் பாதி வீட்டில் இதுதான் நிலைமை. நம் வெயிலில் பெட்ரோலின் லேசான பகுதி முதலில் ஆவியாகும், மிச்சம் பிசினாகும், எத்தனால் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். இரண்டு மாதம் தாண்டினால் கார்புரேட்டர் கிண்ணத்தில் வெள்ளைப் பூத்த மாதிரி உப்பு படியும்.

கார்புரேட்டர் வண்டி என்றால்: ஃபியூல் காக்கை மூடுங்கள், கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் திறந்து முழுக்க வடியுங்கள். ஒரு மாதத்துக்குள் எடுப்பதாக இருந்தால் டேங்கைக் கழுத்துவரை நிரப்புங்கள். உள்ளே காற்று குறைந்தால் ஈரமும் துருவும் குறையும். ஆறு மாதம் என்றால் டேங்கை முழுக்கக் காலி செய்து காய வைத்து, உள்சுவரில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் படர விடுங்கள். எடுக்கும்போது முதல் அரை லிட்டர் பெட்ரோலால் அலசிக் கொட்டிவிட வேண்டும். சாக்கடையில் கொட்டாதீர்கள், மெக்கானிக் பாகம் கழுவ வாங்கிக்கொள்வார்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் பம்ப் டேங்குக்குள்ளேயே இருப்பதால் காலி செய்து போடுவது சரிவராது. நிரப்பி வைத்து, வாரம் ஒரு முறை யாராவது ஓட்ட வேண்டும். வாசலில் வைத்துச் சும்மா உறுமவிட்டு அணைப்பதில் பயனில்லை. திருநகரிலிருந்து திருப்பரங்குன்றம் போய், அப்படியே கொஞ்சம் சுற்றி வரும் தூரமாவது, கால் மணி நேரம் இன்ஜின் நன்றாகச் சூடேற ஓட வேண்டும்.